மௌனமும் பவாரணையும்

மௌனத்தின்மீது நமக்குள்ள மரியாதை பரிசீலனைக்கு உட்படாத ஒன்று. பேசாதவனை ஆழமானவன் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு கவிதையில் சொல்லாமல் விட்ட இடத்தை, சொன்ன இடத்தைவிட உயர்த்திப் பேசுகிறோம். ஊரைவிட்டு விலகிப் பத்து நாள் வாய்மூடி உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறவனிடம் ஏதோ கூடிவிட்டதாக, அவன் வாய் திறக்கும் முன்பே நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கைக்குப் பௌத்தத்தைச் சாட்சிக்கு அழைப்பதும் நம்மிடையே வழக்கமாகியிருக்கிறது. பழைய பௌத்த நூல்கள் மௌனத்திடம் நம்மளவுக்கு எளிதில் மயங்கியதாகத் தெரியவில்லை. என் கேள்வி இது: தன்னைப் பார்ப்பதற்காக மற்றவர்களை விட்டு விலகும் ஒருவன், அப்படிப் பார்த்துத் தான் அடைந்த அமைதி மெய்யானதுதானா என்பதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான்?

இன்று தியான முகாம் என்றதும் நம் நண்பர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் பத்து நாள் விபஸ்ஸனா. அதன் சாரம் பழையது. ஆனால் இந்த வடிவம் நவீன காலத்தைச் சேர்ந்தது. 1885-ல் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்தார்கள். பர்மாவில் மன்னராட்சி முடிந்தது. சாசனத்தைப் புரக்க அரசன் இல்லாத அந்தக் காலத்தில், அபிதம்மத்தையும் தியானத்தையும் மடத்திற்கு வெளியே குடும்பஸ்தர்களிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் லெடி சயாடோ (1846-1923). அவர் வழியில் வந்த சயா தெட்ஜி ஒரு விவசாயி. அவரிடம் கற்ற ஊ பா கின், 1948-ல் விடுதலை பெற்ற பர்மாவில் தலைமைக் கணக்காயராக இருந்த அரசு அதிகாரி; 1952-ல் ரங்கூனில் தியான மையம் ஒன்றை நிறுவினார். 1955-ல் அவரிடம் வந்த கோயங்கா ஒரு வியாபாரி, ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்டவர். 1969-ல் அவர் இந்தியா வந்து முகாம்கள் நடத்தத் தொடங்கினார். 1976-ல் இகத்புரி மையம் உருவாயிற்று. விவசாயி, கணக்காயர், வியாபாரி என்ற இந்த வரிசை தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பத்து நாள் என்பது, உத்தியோகத்தையும் வீட்டையும் விட முடியாத ஒருவன் கேட்டு வாங்கக்கூடிய விடுப்பின் அளவு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. துறவிக்கு மட்டுமே என்றிருந்த ஒன்றைக் குமாஸ்தாவுக்கும் சாத்தியமாக்கியது சிறிய காரியமல்ல.

முகாமின் ஒழுங்கு கடுமையானது. விடிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாளொன்றுக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். பகல் பதினொரு மணிச் சாப்பாட்டிற்குப் பின், புதியவர்களுக்கு மாலையில் தேநீரும் பழமும். பழையவர்களுக்கு அதுவும் இல்லை. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. பேச்சு மட்டுமின்றிச் சைகையும் விலக்கு. முதல் மூன்று நாட்கள் மூச்சு. நான்காம் நாளிலிருந்து உடம்பின் உணர்ச்சிகள்: முழங்கால் வலி, முதுகின் எரிச்சல், காரணமற்ற நமைச்சல். ஒவ்வொன்றும் எழுந்து மறைவதை, விரும்பாமலும் வெறுக்காமலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வலிக்கும் வலியை வெறுப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பது மெல்லத் தெரியவருகிறது. அந்த இடைவெளியைப் புத்தகத்தில் படித்து அறிவது வேறு, மடங்கிய காலில் அறிவது வேறு. இதற்குக் கட்டணம் கிடையாது. 1975-ல் ஜெய்ப்பூர்ச் சிறையிலும், 1994 ஏப்ரலில் திஹார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கும் முகாம் நடந்தது. அறிவாளித்தனமான ஒரு முறுவலோடு தள்ளிவிடக்கூடிய விஷயமல்ல இது.

எனினும், விநய பிடகத்தின் மஹாவக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. முகாம்களைப் பற்றிய நம் பேச்சில் அது இடம்பெற்று நான் கேட்டதில்லை. கோசல நாட்டில், ஒருவரையொருவர் அறிந்த பிக்ஷுக்கள் சிலர் மழைக்காலத்தைச் சேர்ந்து கழிக்கத் தீர்மானித்தார்கள். சண்டை சச்சரவு இல்லாமல் மூன்று மாதத்தைக் கழிப்பது எப்படி என்று யோசித்து, ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை என்று முடிவு செய்தார்கள். பிச்சைக்குப் போய் முதலில் திரும்புகிறவர் ஆசனங்களைப் போடுவார். கால் கழுவத் தண்ணீர் வைப்பார். கடைசியில் வருகிறவர் மிச்சத்தை உண்டு இடத்தைப் பெருக்குவார். ஒருவரால் தூக்க முடியாத குடமென்றால் கையசைத்து இன்னொருவரை அழைப்பார், வாய் திறப்பதில்லை. மழைக்காலம் முடிந்ததும் சிராவஸ்திக்குப் போய், ஒற்றுமையாகவும் சுகமாகவும் இருந்தோம் என்று புத்தரிடம் தெரிவித்தார்கள். அவர் மெச்சவில்லை. சுகமில்லாமல் வாழ்ந்துவிட்டுச் சுகம் என்கிறார்கள், ஆடுமாடுகள் சேர்ந்து கிடப்பதுபோல் கிடந்திருக்கிறார்கள் என்று கடிந்துகொண்டார். ஊமை விரதம் பிற சமயத்தார் வழக்கம், பிக்ஷுக்கள் அதை மேற்கொள்ளலாகாது என்று விலக்கினார். அத்தோடு நிற்காமல், அதன் இடத்தில் ஒன்றை வைத்தார். அதுதான் பவாரணை.

மழைக்காலம் முடியும் நாளில் சங்கம் கூடுகிறது. மூத்த பிக்ஷுவே முதலில், மேலாடையை ஒரு தோளில் ஒதுக்கிக் குந்தி அமர்ந்து, கைகூப்பி, மற்றவர்களிடம் மும்முறை வேண்டுகிறார்: என்னிடம் நீங்கள் கண்ட, கேட்ட, சந்தேகித்த குறை ஏதுமிருந்தால் கருணை கூர்ந்து சொல்லுங்கள், நான் திருத்திக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். பிறகு ஒவ்வொருவராக, துறவில் இளையவர்வரை. புத்தரே தம் சங்கத்தின் முன் அமர்ந்து இவ்வாறு கேட்டதாகச் சுத்தம் ஒன்று சொல்கிறது. கண்டது, கேட்டது என்பவற்றோடு நின்றிருக்கலாம். சந்தேகித்ததையும் சேர்த்திருப்பது என்னை யோசிக்கவைக்கிறது. நிரூபிக்க முடியாததையும் சொல்ல மற்றவனுக்கு உரிமை தருவதென்றால், என்னைப் பற்றிய கடைசித் தீர்ப்பு என் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்வதாகிறது.

கோசலக் கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்ற மூவர் ஒரு வனத்தில் வாழ்ந்ததை நூல்கள் மெச்சிப் பேசுகின்றன. பாலும் நீரும் கலந்ததுபோல் இருந்தார்கள் என்பது அங்கு வரும் உவமை. அவர்களுடைய அன்றாட ஏற்பாட்டைப் படிக்கும்போது வியப்பாயிருக்கிறது: முதலில் வருகிறவர் ஆசனம் போடுகிறார், தண்ணீர் வைக்கிறார், கனமான குடத்துக்குக் கையசைத்து அழைக்கிறார், பேசுவதில்லை. கோசலத்தாருடைய அதே ஏற்பாடு, ஏறத்தாழ அதே வார்த்தைகளில். ஆனால் ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஐந்து நாளுக்கு ஒருமுறை இரவு முழுவதும் உட்கார்ந்து அவர்கள் தம்மத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒரே மௌனம் ஓரிடத்தில் கால்நடைகளின் கூட்டமாகவும் மற்றோரிடத்தில் பாலும் நீருமாகவும் ஆவதற்கு அந்த ஓர் இரவுதான் காரணமென்று நான் நினைக்கிறேன். கோசலத்தாரின் மௌனம் பிறந்தது சச்சரவு வந்துவிடுமோ என்ற பயத்தில். அனுருத்தரின் மௌனம் அடுத்த இரவின் பேச்சுக்காகக் காத்திருந்தது.

மௌனத்துக்கு மற்றவனின் குரல் ஏன் வேண்டும்? இதற்கான விடையைப் புத்தகோசரிடம் தேடலாம். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் விசுத்தி மக்கத்தை இயற்றியவர். தாம் காஞ்சியில் இருந்ததைத் தம் உரையொன்றின் முடிவில் குறித்திருப்பதால் நமக்கும் அந்நியரல்லர். மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை என்ற நான்கைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொன்றுக்கும் தூரத்து எதிரி ஒன்றும் பக்கத்து எதிரி ஒன்றும் உண்டு என்கிறார். கருணையின் தூரத்து எதிரி கொடுமை. பக்கத்து எதிரி, தன் இழப்பை நினைத்து அழும் உலகியல் துயரம். உபேட்சை என்ற சமநிலையின் தூரத்து எதிரிகள் விருப்பும் வெறுப்பும். பக்கத்து எதிரி, அறியாமையிலிருந்து பிறக்கும் அக்கறையின்மை. தூரத்து எதிரியை அடையாளம் காண்பது சுலபம். பக்கத்து எதிரியோ அதே வீட்டு உடையில் வருகிறது.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. சமநிலையும் அக்கறையின்மையும் உள்ளிருந்து பார்க்கையில் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டிலும் மூச்சு சீராக ஓடுகிறது; நெஞ்சு படபடப்பதில்லை. உடம்பின் உணர்ச்சிகளை எவ்வளவு நுட்பமாகக் கவனித்தாலும் இந்த வேறுபாடு அகப்படாது. முகாமிலிருந்து திரும்பியவன் வீட்டில் சாப்பிட உட்காருகிறான். மூன்று வேளையும் அடுப்படியில் நின்று இடுப்பு ஓய்ந்துபோன ஒருத்தி பரிமாறுகிறாள். அவன் ருசியில் பற்று வைக்காமல், குறையில் கோபம் கொள்ளாமல், சமநிலையோடு உண்டு எழுந்து போகிறான். அவளுடைய களைப்பு அவன் உடம்பில் ஓர் உணர்ச்சியாக எழுவதே இல்லை. எழுந்ததைக் கவனிக்க அவன் பழகியிருக்கிறான். எழாமல் போனதைக் கவனிக்க எந்தப் பயிற்சியாலும் முடியாது. அதை அவள்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவளுக்கு அவன் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவது என்ற வழக்கமே மற்றவர்கள் சொன்ன குறையால் வந்ததுதான். மழையிலும் பிக்ஷுக்கள் அலைந்து பசும்புல்லை மிதிக்கிறார்கள், சிற்றுயிர்களைக் கொல்கிறார்கள் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அதைக் கேட்டுத்தான் மழை வாசம் விதியாயிற்று. காலடியில் முளைப்பதை நசுக்காமலிருக்க நின்ற கால்களுக்குப் பின்னர் தியானம் கூடியிருக்கலாம். முதல் காரணம் வெளியே இருந்தது. அதே மஹாவக்கத்தில், வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்ஷு ஒருவர் வருகிறார். அவரால் மற்றவர்களுக்கு உபயோகமில்லை என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. புத்தரும் ஆனந்தரும் தண்ணீர் கொண்டுவந்து கழுவித் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று அதன்பின் புத்தர் சொன்னதாகக் குறிப்பு. அந்த விகாரையில் அன்றைக்கும் தியானம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் பார்க்க வேண்டும். பத்து நாள் மௌனம் ஊமை விரதமாகாது. ஆசிரியரிடம் கேள்வி கேட்கலாம். பத்தாம் நாள் காலை மைத்ரி கற்பித்து மௌனம் கலைக்கப்படுகிறது. சரிதான். மௌனத்துக்குப் புத்தரின் மொழியிலேயே உயர்ந்த இடமுண்டு. எண்ணமும் ஆய்வும் அடங்கிய இரண்டாம் தியானத்தை ஆரிய மௌனம் என்றே சுத்தங்கள் சொல்கின்றன. ஆனால் முகாமின் ஆசிரியரிடம் கேட்பது முறையைப் பற்றிய ஐயங்களை. மாணவன் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. கோயங்கா 2013-ல் மறைந்தார். முகாம்களில் கற்பிப்பது ஒலிப்பதிவான அவர் குரல்தான். அது தெளிவான, கனிவான குரல். அதற்குக் காது கிடையாது. இன்னொரு ஆட்சேபம், பவாரணையும் சடங்காகிப்போகும், ஆயுதமாகவும் ஆகும் என்பது. அப்படி ஆனதை விநயமே மறைக்கவில்லை. அதனால்தான் குறை சொல்லுமுன் அனுமதி பெற வேண்டும் என்றும், சொல்வது காலமறிந்ததாக, உண்மையாக, மென்மையாக, பயனுள்ளதாக, அன்பு நெஞ்சோடு இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். ஆயுதமாகும் என்று தெரிந்தும் அதைக் கைவிடவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதைப் படிக்கும் நாமும் ஒருவகை மழை வாசத்தில் இருப்பவர்கள். பெரும் பத்திரிகைகளின் இரைச்சலிலிருந்து விலகிச் சில நூறு பேருக்குள் பேசிக்கொள்வது என்று தீர்மானித்தவர்கள். அந்த விலகலில் நமக்குப் பெருமையுண்டு. பெருமைக்குக் கொஞ்சம் காரணமும் உண்டு. ஆனால் நண்பனின் சோடையான தொகுதி வந்தால் நாம் காப்பது கோசலத்தாரின் மௌனம். ஆசனம் போடுகிறோம், தண்ணீர் வைக்கிறோம், கூட்டத்திற்கு நாற்காலி நிரப்புகிறோம், ஒன்றும் சொல்வதில்லை. சொல்லும்போதோ, கேட்காதவன்மேல் கல்லெறிவதுபோல் சொல்கிறோம். இரண்டுக்கும் நடுவிலிருந்த ஒன்று நம்மிடம் இல்லை: தானே குந்தி அமர்ந்து, என் எழுத்தில் நீ கண்டதை, கேட்டதை, சந்தேகித்ததைச் சொல் என்று கேட்பது. விமர்சனம் கேட்டுப் பெறுவது என்ற எண்ணமே நமக்கு அந்நியமாகிவிட்டது. மூத்தவர்கள் முதலில் கேட்க வேண்டும் என்ற வரிசையோ அதைவிட அந்நியம்.

முகாமுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போகலாம். பதினோராம் நாள் ஒன்று மீதமிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அன்று அந்த அடுப்படியில் உட்கார்ந்து, என்னிடம் என்ன கண்டாய் என்று கேட்க வேண்டும். அவள் உடனே பதில் சொல்லமாட்டாள். இத்தனை வருஷம் கேட்காததை இப்போது ஏன் கேட்கிறான் என்றுதான் முதலில் சந்தேகிப்பாள். அந்தச் சந்தேகத்தையும் அவள் சொல்லி அவன் கேட்க வேண்டும். கால் மரத்துப்போக ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததன் பலன் அப்போதாவது அவனுக்கு உதவட்டும்.