பச்சைக் காயும் பாக்கிக் கூலியும்

திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு, முதல் ஆண்டு
எசாயா 35:1-6, 10, யாக்கோபு 5:7-10, மத்தேயு 11:2-11



இந்த நாள்களில் திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் உங்களில் பலர் ஒருவரை ஒருவர் விசாரிப்பது காய்ச்சலைப் பற்றியோ பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வைப் பற்றியோ அல்ல. "உங்க வீட்டுத் தக்காளி பழுத்துடுச்சா?" என்பதுதான். புரட்டாசித் தொடக்கத்தில் விதை போட்டீர்கள். ஏறக்குறைய 25 நாளில் நாற்றைப் பிடுங்கிப் பைகளில் நட்டீர்கள். ஐப்பசி அடைமழையில் வேர் அழுகாமல் காப்பாற்றி, வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய் தெளித்து, குச்சி ஊன்றிக் கட்டினீர்கள். கார்த்திகையில் மஞ்சள் பூ வந்தது, பிஞ்சு பிடித்தது. இப்போது கொத்துக் கொத்தாகக் காய் தொங்குகிறது. எல்லாம் பச்சை!

இன்றைய இரண்டாம் வாசகத்தில் யாக்கோபு நமக்கு ஒரு பயிரிடுபவரைக் காட்டுகிறார். முன்மழைக்கும் பின்மழைக்கும் காத்திருந்து நிலத்தின் நல்ல விளைச்சலை எதிர்பார்க்கிறவர் அவர். பாலஸ்தீன நாட்டில் ஏறத்தாழ அக்டோபர், நவம்பரில் முன்மழை பெய்யும். உழவும் விதைப்பும் அதை நம்பித்தான். மார்ச், ஏப்ரலில் வரும் பின்மழையில் கதிர் முற்றும். யாக்கோபு மனத்தில் இருந்தது கோதுமையாகவோ வாற்கோதுமையாகவோ இருக்கும். தக்காளியை அவர் பார்த்திருக்க வழியே இல்லை. அது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பக்கத்துச் செடி; 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கே போய்ச் சேர்ந்தது. ஆகவே விவிலியத்தில் யாரும் தக்காளியைத் தேட வேண்டாம். ஆனால் காத்திருப்பவரின் மனம் எல்லாப் பயிருக்கும் ஒன்றுதான்.

தக்காளி வளர்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பிஞ்சு பருக்கும்போது நமக்குப் பொறுமை தானாகவே இருக்கும். நேற்று கோலிக்குண்டு அளவு, இன்று எலுமிச்சை அளவு என்று தினமும் ஏதாவது நடக்கிறது. சோதனை வருவது அதற்குப் பிறகுதான். காய் முழுப் பருமனை எட்டிவிடும். அதன்பின் நாள் கணக்கில் எதுவுமே நடக்காததுபோல் தோன்றும். காலையில் போய்ப் பார்த்தால் பச்சை, மாலையிலும் அதே பச்சை. தண்ணீர் போதவில்லையோ, உரம் போதவில்லையோ என்று மனம் அலைபாயும். சிலர் அவசரப்பட்டுத் தண்ணீரை அள்ளி ஊற்றுவார்கள். காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று தண்ணீர் கிடைத்தால் தோல் வெடித்துவிடும்.

அந்தச் சில நாளில் உள்ளே நடப்பது என்ன? விதை முற்றுகிறது. விதையைச் சுற்றிய கெட்டிச் சதை வழுவழுப்பான கூழாகிறது. அது முடிந்த பிறகுதான் காய் தனக்குள்ளிருந்தே எத்திலீன் என்னும் வாயுவை விடத் தொடங்குகிறது. அதன்பின் பச்சையம் சிதைந்து சிவப்பு நிறமி சேர்கிறது. நிறமும் மணமும் இனிப்பும் பறவைக்கும் விலங்குக்கும் விடுக்கும் அழைப்பு: வா, தின், விதையைக் கொண்டுபோய் எங்காவது போடு. விதை முற்றுவதற்கு முன் அந்த அழைப்புப் போய்விட்டால் செடியின் பாடு முழுவதும் வீண். அதனால் விதை தயாராகும்வரை காய் தன்னைப் பச்சைக்குள் மறைத்து வைக்கிறது. பொறுமையில்லாமல் பறித்து அரிசிப் பானைக்குள் வைப்பவர்களும் உண்டு. முற்றிய காயாக இருந்தால் அங்கேயும் பழுத்துவிடும். முற்றாத காய் சுருங்கும், வாடும், அவ்வளவுதான்.

இறைவன் தாமதிக்கிறார் என்று நாம் சொல்வதில் பாதி இந்தப் பச்சைக் காய்தான் என்று நினைக்கிறேன். கேட்டது வரவில்லை, மகன் திருந்தவில்லை, மனம் அமைதி அடையவில்லை. வெளியே ஒன்றும் மாறாத அந்த நாள்களில் உள்ளே எது முற்றுகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். செங்காயின் முதல் நிறம் காம்புப் பக்கம் தோன்றாது, காயின் அடிப்பக்கத்தில்தான் தோன்றும். நின்றுகொண்டு மேலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது, குனிய வேண்டும்.

இதோடு மறையுரையை முடித்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் சுகமாக இருந்திருக்கும். நற்செய்தி விடவில்லை. திருமுழுக்கு யோவான் சிறையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்கிறார்: வர வேண்டியவர் நீர்தானா, வேறு ஒருவருக்காக நாங்கள் காத்திருக்க வேண்டுமா? சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேரு கோட்டையில் அவர் அடைக்கப்பட்டிருந்தார் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். யோவானின் காத்திருப்பு இயற்கை வைத்த காத்திருப்பு அல்ல. அது ஏரோது வைத்தது. ஓர் அரசனின் தவற்றைச் சுட்டிக்காட்டியதற்காக ஒரு மனிதரை உள்ளே போட்டுப் பூட்டிய காத்திருப்பு. இயேசு அவருக்குப் பொறுமையைப் பற்றி உபதேசம் அனுப்பவில்லை, கவனியுங்கள். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி கிடைக்கிறது. கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்றார். யோவான் அந்தச் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வரவில்லை. ஏன் என்று கேட்டால் வழவழப்பாகச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

செடி வைக்கும் காத்திருப்பு வேறு, ஏரோது வைக்கும் காத்திருப்பு வேறு. முதலாவதுக்குப் பொறுமை மருந்து. இரண்டாவதில் மாட்டிக்கொண்டவரிடம் போய்ப் பொறுமை, பொறுமை என்று சொல்வது பாவத்துக்குத் துணைபோவது.

யாக்கோபு இதை அறிந்தவர். இன்று நாம் வாசித்த பகுதி ஐந்தாம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆறு வசனங்கள் இன்றைய வாசகத்தில் இல்லை. வேறோர் ஆண்டில், பொதுக்காலத்து ஞாயிறு ஒன்றில் வரும். வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். செல்வர்களைப் பார்த்து யாக்கோபு கத்துகிறார். உங்கள் வயலை அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் ஆண்டவரின் காதில் விழுந்துவிட்டது என்கிறார். அதைச் சொன்ன கையோடுதான் பயிரிடுபவரைப் போலப் பொறுமையாயிருங்கள் என்று திரும்புகிறார். யாரைப் பார்த்து? கூலி கிடைக்காதவர்களைப் பார்த்து. கூலியைப் பிடித்து வைத்தவர்களுக்கு அவர் பொறுமையைச் சொல்லவே இல்லை. அவர்களை அழுது புலம்பச் சொல்கிறார்.

மொட்டை மாடியில் நாம் பழத்துக்குக் காத்திருப்பது ஓர் ஆசை. ஒட்டன்சத்திரம் பக்கத்திலும் பாலக்கோடு பக்கத்திலும் தக்காளி போட்டவர் காத்திருப்பது கடனோடு. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாமெல்லாம் புலம்பினோம். ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசு விற்றது. விலை விழுந்து, பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும் நாள்களில் நாம் புலம்புவதில்லை. "அஞ்சு கிலோ நூறு ரூபா" என்று தெருவில் ஆட்டோவில் வந்தால் அதிலும் பேரம் பேசுகிறோம்.

விவசாயியின் விலையை நம்மால் இந்த வாரம் மாற்ற முடியாது. ஆனால் நமக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தில் போன மாதப் பாக்கி. கழிவறைக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனவருக்கு "அப்புறம் வாப்பா" என்று சொன்ன மிச்சம். கடையில் வேலை பார்க்கும் பையனுக்குப் பண்டிகை போனஸ் தருவதாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றியது. கூலியாளுக்கு அன்றைய கூலியைக் கதிரவன் மறையும் முன் கொடுத்துவிடச் சொல்கிறது இணைச்சட்டம். அவர் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறார் என்று காரணமும் சொல்கிறது. திருவிழாவுக்குப் பந்தல் போட்டவருக்குக் கோவில் கணக்கில் பாக்கி இருந்தால் அதற்கும் இது பொருந்தும். பொருளாளர் முன்வரிசையில்தான் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்.

இன்று மகிழ்ச்சி ஞாயிறு. அதற்காகத்தான் ரோஜா நிறத் திருவுடையில் நிற்கிறேன். கிறிஸ்து பிறப்புத் திருப்பலியில் வீட்டுத் தோட்டத்து முதல் பழங்களைக் காணிக்கைப் பவனியில் கொண்டுவரப்போவதாகச் சில தாய்மார்கள் சொன்னீர்கள். தாராளமாகக் கொண்டுவாருங்கள், பீடத்துக்கு முன் வைப்போம். ஆனால் யாருக்காவது நீங்கள் கொடுக்க வேண்டியது இருந்தால் பறிப்பதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். செங்காய் செடியிலேயே இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் கெட்டுவிடாது. அணில் பார்க்காமல் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போங்கள்.

எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.