உப்புக்காற்றும் முன்சக்கரமும்

இரவெல்லாம் வெளியே நின்ற காரைத் தூத்துக்குடியில் விடியலில் எடுத்தால், முதல் பிரேக்குக்கு முன்சக்கரம் ‘கர்ர்’ என்று அரைக்கும். தெருமுனை திரும்புவதற்குள் இன்னும் இரண்டு மிதி; அப்புறம் சத்தம் இருக்காது. மாற்றலாகி வந்தவர்கள் பதறிப்போய் ஒர்க்‌ஷாப்பைத் தேடுவார்கள். உள்ளூர்க்காரர் கண்டுகொள்வதில்லை.

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. பேட் பிடிக்கும் இடத்தில் பெயின்ட் நிற்காது, எண்ணெய் படவே கூடாது. எனவே அது எப்போதும் வெற்றுடம்புதான். கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ள, ஒரே இரவில் செம்பழுப்பாய்த் துரு படர்கிறது. கடலிலிருந்து கொண்டல் அடிக்கும் மாதங்களில் அதிகம். கச்சான் தரைப்பக்கமிருந்து வருவது, அதில் புழுதிதான் மிச்சம். படர்ந்த துருவைப் பேட் வழித்தெடுக்கும் சத்தம் நோயல்ல.

*

“எங்கன கேக்குங்கறத விடுங்க அண்ணாச்சி, எப்பம் கேக்குன்னு சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் எல்லாரிடமும் இதைத்தான் முதலில் கேட்பார். இடது பக்கம் என்று சத்தியம் செய்பவரிடமும் இதே கேள்விதான். அதில் நியாயம் இருக்கிறது. எஃகில் ஒலி காற்றைவிடச் சுமார் 15 மடங்கு வேகமாக ஓடும். இடது சக்கரத்தில் பிறந்த சத்தம் குறுக்குச் சட்டம் வழியாக ஓடி, ஓட்டுநரின் காலடியில் கேட்கும். இடத்தைப் பற்றிக் காது பொய் சொல்லும். நேரத்தைப் பற்றி அவ்வளவாகச் சொல்லாது.

இந்தக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். கல்லின் பாரத்தில் இறங்கியவர் கயிற்றை அசைத்ததும் தோணியிலிருந்தவர் இழுக்க வேண்டும். அடியில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. கைக்கு வந்த அசைவு மட்டும்தான். பிரேக் மிதியில் கால் வைத்திருப்பவர் நிலையும் அதுதான்.

*

கீச்சு.

பல பேடுகளில் சின்ன எஃகுத் தகடு ஒன்றை வைத்திருப்பார்கள். புதுப் பேடின் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன். தேய்ந்து 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் தகட்டின் நுனி டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். கத்துவதற்காகவே வைத்தது. அதைக் கேட்டு எரிச்சலடைகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

தேயாத பேடும் கீச்சிடும். டிஸ்க்கும் பேடும் பற்றிப் பற்றி வழுக்கும்போது எழும் அதிர்வு அது. பேடின் முதுகிலிருக்கும் மெல்லிய ஷிம் விழுந்திருக்கலாம், பேடின் முகம் சூட்டில் கண்ணாடிபோல் இறுகியிருக்கலாம். 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிய இங்கிலாந்துக்காரர் லாஞ்செஸ்டர் பேடாகச் செம்பைப் போட்டார். அந்தக் கீச்சை யாராலும் தாங்க முடியவில்லை. 1953இல் லெமான்ஸ் பந்தயத்தை ஒரு ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு வென்ற பிறகுதான் உலகம் இதன் பக்கம் நன்றாகத் திரும்பியது. பிறந்த நாளிலிருந்து கத்திக்கொண்டிருக்கும் கருவி என்பதால், பேடில் தடிமன் இருக்கும்வரை லேசான கீச்சை நான் மன்னித்துவிடுவேன்.

இரும்பும் இரும்பும் அரைக்கும் ‘கரகர’ அப்படியல்ல. பேட் தீர்ந்து அதன் முதுகுத்தகடு டிஸ்க்கைச் சீவுகிறது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான். மிதிக்காதபோதும் கரகரத்தால் மட்டும் ஒரு நப்பாசைக்கு இடமுண்டு: டிஸ்க்குக்கும் பின்னாலிருக்கும் தகரத்துக்கும் நடுவே ஜல்லி சிக்கியிருக்கலாம். லாரிகள் சிந்திக்கொண்டே போகும் துறைமுகச் சாலையில் இது அபூர்வமில்லை.

*

டொக்.

மிதித்த கணத்தில் ஒரே ஒரு முறை. ரிவர்ஸில் போய் மிதித்தால் இன்னொரு முறை. இதற்குப் பேடை மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லை என்று டிஸ்க்கையும் மாற்றியவர்கள் உண்டு. பேட் மலிவு, கழற்றுவதும் சுலபம்; ஆகவே பழி முதலில் அதன் தலையில் விழுகிறது.

பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறது. சாலை சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, வண்டியின் எடையோ முன்னுக்குப் பாய்கிறது. இந்த இழுபறியைத் தாங்குவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம். அதன் புஷ்ஷில் ரப்பர் கிழிந்திருந்தால் ஆர்ம் கொஞ்சம் பின்னால் நகர்ந்து இரும்பில் இடிக்கும். இடித்த இடத்திலேயே நின்றுகொள்வதால் அடுத்த சத்தம் கிடையாது. பிரேக்கைக் குற்றம் சொல்வது, கதவு ஆடுகிறதென்று தாழ்ப்பாளை மாற்றுவதற்குச் சமமாகிவிடும் என்று எழுதத் தோன்றுகிறது. வேண்டாம், புஷ்ஷைப் பார்த்தாலே போதும். ஒருவர் உள்ளே மிதித்தபடி வண்டியை முன்னும் பின்னும் விரலளவு நகர்த்த, இன்னொருவர் வெளியே குனிந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பேடுகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே ‘டொக்’ வரும். அது லோயர் ஆர்மைவிட ஆபத்தானது என்பதால் ஸ்பேனர் முதலில் அங்கே போகட்டும்.

*

இதுவரை சொன்னவை வாய்விட்டுச் சொல்லும் கோளாறுகள். இந்த ஊரில் எனக்குப் பயம் சொல்லாததைப் பற்றித்தான்.

சாதாரணக் கார்களில் காலிப்பரின் பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருக்கும். அது உள்பேடை அழுத்தியதும் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின்மேல் நகர்ந்து வெளிப்பேடை இழுத்துவரும். ஸ்லைடு பின்களில் காலிப்பர் நகராவிட்டால் வேலையெல்லாம் உள்பேடுக்கு. அது தேய்ந்துகொண்டே போக, வெளிப்பேட் புதுசாகவே இருக்கும். சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது வெளிப்பேட்தான். “இன்னும் நிறைய இருக்கே” என்று எழுந்துவிடுவார்.

பின்னை மூடும் ரப்பர் உறையில் கீறல் விழுந்தால் உப்புக்கு அது போதும். இந்தியாவில் உப்பு மிகுதியாக விளையும் இடங்களில் இதுவும் ஒன்று. முத்தையாபுரத்தைத் தாண்டித் திருச்செந்தூர் சாலையில் போனால் காற்றே உப்பளத்தின்மேல் தவழ்ந்துதான் வருகிறது.

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. மூழ்கிய வண்டி என்றால் எல்லாருக்கும் எஞ்சின் கவலைதான். உறைக்குள் புகுந்த தண்ணீர் பின்னைத் தின்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் சூடு கக்கும், கருகல் வாடை வரும். சத்தம் கடைசியில்தான், அதுவும் பேட் கிட்டத்தட்டத் தீர்ந்த பிறகு.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் வண்டியை சர்வீசுக்கு விடுகிறவர்கள் “பிரேக்கையும் பாருங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வரவேண்டாம். சக்கரத்தைக் கழற்றி உள்பேடைக் காட்டச் சொல்லுங்கள். காலிப்பரைக் கையால் தள்ளினால் நகர்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நகராவிட்டால் பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸைப் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.