இரவல் துயரம்

சொல்லை எழுதியவர் ஒருவர். மெட்டமைத்தவர் இன்னொருவர். பாடியவர்களோ சம்பளத்துக்குப் பாடியவர்கள். அப்படியிருக்க, பாட்டிலுள்ள துயரம் மட்டும் அரண்மனையில் அமர்ந்து கேட்ட சீமாட்டியுடையதாவது எப்படி? ஒஸ்ரியாவின் மார்கரெட் என்ற இளவரசியின் பாடல் ஏடுகளைப் பற்றிப் படித்து, அந்தப் பாடல்களை இசைத்தட்டிலும் கேட்ட நாள் முதல் இந்தக் கேள்வி எம்மை விடுவதாயில்லை.

அவர் 1480இல் பிரசெல்சில் பிறந்தார். தந்தை மக்சிமிலியன், பின்னாளில் பேரரசர். தாய் பேர்கண்டியின் மேரி, குதிரையிலிருந்து விழுந்து 1482இல் இறந்துபோனார். அடுத்த ஆண்டே, மூன்று வயதில், பிரான்சின் வருங்கால அரசி என்று நிச்சயிக்கப்பட்டு அந்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். லுவார் நதிக்கரையில் அம்புவாஸ் கோட்டையில் வளர்ந்து, அந்த மொழியைத் தன் மொழியாக்கிக் கொண்டார். 1491இல் மாப்பிள்ளை எட்டாம் சார்ள்ஸ் பிரித்தானிப் பிரபுகுலத்து ஆனை மணந்துகொண்டான். வேண்டாதவராகிவிட்ட இந்தச் சிறுமியை ஊருக்கு அனுப்ப மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1497இல் ஸ்பெயினின் பட்டத்து இளவரசன் ஹுவானோடு திருமணம். ஆறு மாதத்தில் அவன் இறந்தான், வயிற்றிலிருந்த பிள்ளையும் உயிரோடு பிறக்கவில்லை. 1501இல் சவோய் நாட்டுப் பிலிபேர். மூன்றாண்டுகளில் அவனும் போய்விட்டான். மூன்று நாடுகளுக்குப் போய், மூன்றிலிருந்தும் பிள்ளையின்றித் திரும்பிய பெண் அவர். 1506இல் தமையன் பிலிப்பும் ஸ்பெயினில் இறக்க, மறு ஆண்டு நெதர்லாந்தின் ஆட்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. மெக்கெலன் நகரில் அமர்ந்து நாட்டை ஆண்டார். தமையனின் பிள்ளைகளை வளர்த்தார். அவர்களில் ஒருவன்தான் பின்னர் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ்.

அந்த மெக்கெலன் அவையில் சேர்ந்தவைதான் இன்று பிரசெல்ஸ் அரச நூலகத்தில் இருக்கும் இரு பாடல் ஏடுகள். பெரிய ஏட்டின் முதற் பக்கங்களில் மார்கரெட் மண்டியிட்டுத் தொழும் சித்திரம் இருக்கிறது. அதனோடு மாதாவை நோக்கிய ஆறு குரல் பாடல் ஒன்று. ஆனால் எழுதியிருப்பது மூன்று குரல்கள்தான். ஒவ்வொன்றையும் இன்னொரு குரல் சற்றுப் பின்னால் தொடர்ந்து வர, மூன்று ஆறாகும். உள்ளே போனால் பெரும்பாலும் பிரெஞ்சு மொழிப் பாடல்கள், பெரும்பாலும் துயரப் பாடல்கள். அதிகம் இடம்பெற்றவர் அந்த அரசவைக் கோவிற் பாடகர் பியேர் த லா ரூ. பாடல்களை நான்கு பேர் ஒரே ஏட்டைச் சுற்றி நின்று பாடவேண்டும். திறந்த இரு பக்கங்களில் ஒவ்வொரு குரலும் தனித்தனியே எழுதப்பட்டிருப்பதால், சேர்ந்தால் எப்படி ஒலிக்கும் என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. பாடினால்தான் தெரியும்.

இந்த ஏட்டை மார்கரெட்டின் வாழ்க்கை வரலாறாகவே வாசிப்பவர்கள் உண்டு. எமக்கு அது அவ்வளவு இலகுவாகப் படவில்லை. 'கவலைகளே போங்கள், கவலைகளே வாருங்கள்' என்ற பாணியிலான பாடல்கள் அவர் விதவையாவதற்கு முன்பே பிரெஞ்சு மொழி அவைகளில் பெருவழக்காயிருந்தன. ஒரு மனத்தாங்கலும் இல்லாத பிரபுக்களும் சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றைக் கேட்டிருப்பார்கள். இத்தகைய ஏடுகளை எழுதித் தந்த பட்டறையின் தலைவர் பெத்ரூஸ் அலமீர் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு உளவும் பார்த்தவர். துயரத்தைப் பிரதி பண்ணிய கை என்னென்ன வேலைகள் பார்த்தது பாருங்கள்!

ஆனாலும் இரவல் என்பதால் பொய் என்றாகிவிடுமா? செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லும் எங்கள் ஊர்ப் பெண்களை நினைத்துப் பார்க்கிறோம். வரிகள் பழையவை, பாட்டியும் அவளுடைய பாட்டியும் சொன்னவை. கிடத்தியிருக்கும் ஆள் தூரத்து உறவாயிருக்கலாம். கட்டிப்பிடித்து அழுகிறவள் தன் புருஷனையோ கைவிட்டுப்போன பிள்ளையையோ நினைத்து அழுகிறாள். அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பொதுவில் கிடக்கும் பாட்டுக்குள் தன் சாவைக் கொண்டுபோய் வைப்பவள் அவள். மார்கரெட்டும் அதையே செய்தார் என்று நினைக்கிறோம். இருந்ததிலிருந்து தெரிந்தெடுத்தார். சில இடங்களில் சொந்தக் கதையையே எழுதிச் சேர்த்தார், அல்லது சேர்க்கச் செய்தார். தமையனை நினைத்த புலம்பல் ஒன்று ஏட்டில் இருக்கிறது. 1519இல் தந்தை இறந்தபோது எழுந்த ஏழு குரல் புலம்பலும் இருக்கிறது.

எமக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மார்கரெட்டிடம் பச்சைக்கிளி ஒன்று இருந்தது. அவர் ஊரில் இல்லாத நேரம் அது செத்துப்போனது. அவைப் புலவர் ஜான் லெமேர், காதலுக்காகத் தானே சாவைத் தேடிக்கொண்ட ஒரு காதலனாக அந்தக் கிளியைப் பாவித்து 1505இல் நிருபக் கவிதை பாடினார். கிளியின் கல்லறை வாசகமும் மெட்டமைக்கப்பட்டு, பேரரசர் புலம்பல் கிடக்கும் அதே ஏட்டில் ஏறியது. ஸ்பெயினுக்குப் போகும் வழியில் புயலில் சிக்கியபோது, இரண்டு தரம் மணமாகியும் கன்னியாகவே சாகிறேன் என்று தனக்கே வேடிக்கையாகக் கல்லறைக் கவிதை எழுதிக்கொண்டார் என்றும் ஒரு கதை உண்டு. துயரத்தோடு இப்படி விளையாடத் தெரிந்தவர் துயரத்தை அறியாதவராக இருக்கமுடியாது.

ஆக, அது அவருடைய துயரம்தான் என்று ஒப்புக்கொள்கிறோம். அதோடு நிம்மதியாக இசைத்தட்டை உறையில் போட்டுவிடலாம்தான். ஆனால் 1523 யூலை முதலாம் திகதி குறுக்கே வந்து நிற்கிறது. அன்று பிரசெல்ஸ் பெருஞ்சதுக்கத்தில் அன்ட்வேர்ப் ஒகஸ்தீனிய மடத்துத் துறவிகள் இருவர், ஹென்றிக் வோஸும் யான் வான் எசனும், லூதரின் போதனையைக் கைவிட மறுத்ததற்காக உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கட்டளை பேரரசருடையது. நாட்டை அவர் பெயரால் ஆண்டுகொண்டிருந்தவர் மார்கரெட். கிளிக்கு இடம் கொடுத்த அவையில் இவர்களுக்குப் பாட்டு இல்லை, இருக்கவும் முடியாது. இவர்களுக்கான பாட்டு வேறு இடத்தில், விற்றன்பேர்க்கில், பிறந்தது. செய்தி கேட்ட லூதர் எழுதினார். அவர் எழுதிய முதற் பாடல்களில் ஒன்று அது. 1524இல் அது அச்சுப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. அதைப் பாடச் சம்பளக்காரப் பாடகர்கள் தேவைப்படவில்லை.

தன் துயரத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்த காது, அடுத்த தெருவின் அழுகையை ஏன் கேட்பதில்லை? துயரம் மனிதரை இளக்கும் என்று நாம் நம்பியே வளர்ந்தோம். இங்கே அப்படி நடக்கவில்லை. தன் காயத்தைப் பாட்டாக்கிப் பாட்டாக்கி, அதுவே உலகத்தின் முழுக்காயம் என்று ஆகிவிடுகிறதோ என்னவோ. அகதி முகாமிலிருந்தும் அடுக்குமாடிக் கட்டடங்களிலிருந்தும் இத்தனை இதழ்களை நாமும் நடத்தினோம், இத்தனை புலம்பல்களை அச்சேற்றினோம். எவருடைய புலம்பல் அவற்றில் ஏறவில்லை என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கும்போது எமக்குக் கூச்சமாக இருக்கிறது. இளவரசி மீது கல்லெறிய எமது கையும் எழவில்லை.

1529இல் இந்த மார்கரெட்டும் பிரெஞ்சு மன்னனின் தாய் லூயிஸும் கம்ப்ரே நகரில் உட்கார்ந்து பேசி ஒரு போரை நிறுத்தினார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மறு ஆண்டு அவர் இறந்தார். சவோய்க் கணவனுக்காகப் புரூவில் எழுப்பிய கோவிலை, கட்டி முடித்த கோலத்தில் அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. கணவன் பக்கத்தில் அவரும் இப்போது அங்கேதான் கிடக்கிறார்.

பாடல் ஏடு பிரசெல்சில் இருக்கிறது. நூலகப் படிகளில் இறங்கி அந்தப் பெருஞ்சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். பத்து நிமிடம் பிடிக்கும்.