இளைத்தவன் கணக்கு

'இளைப்பது' என்ற சொல் தமிழில் வெகுகாலம் ஒருவனுக்கு நேர்வதைத்தான் குறித்து வந்திருக்கிறது. அவன் செய்வதை அல்ல. நோயில் இளைத்தான், கவலையில் இளைத்தான். ஊருக்குப் போனால் பெரியம்மா ஏற இறங்கப் பார்த்து 'என்னடா, இப்படி இளைச்சுப் போயிட்டே' என்பதில் பாராட்டு கிடையாது. பரிதாபமும், சமைத்துப் போடுகிறவள் மேல் ஒரு சின்னக் குற்றச்சாட்டும்தான் உண்டு. மூச்சு வாங்குவதற்கும் 'இளைப்பு' என்றே பெயர். பழைய அகக்கவிதையில் தலைவியின் தோள் மெலிகிறது, வளை கழல்கிறது. குறளில் இதற்கென்றே 'உறுப்புநலன் அழிதல்' என்று ஓர் அதிகாரம் (124) இருக்கிறது. அந்த மெலிவு பிரிவுக்குச் சாட்சி. அவள் முயன்று மெலிந்தாள் என்றால் கவிதை அந்த இடத்திலேயே கேலிக்கூத்தாகிவிடும். உணவைக் குறைப்பதற்கு நம்மிடம் இருந்த விரதம், பத்தியம் என்ற இரண்டு சொற்களும் எடையைப் பற்றியவை அல்ல. விரதம் தெய்வத்தோடு, பத்தியம் மருந்தோடு. இரண்டுக்கும் முடிகிற நாள் உண்டு. விரதம் இருந்தவள் மறுநாள் காலை எடைக்கல் தேடிப் போனதில்லை.

இன்று நாம் சொல்கிற 'எடையைக் குறைக்கிறேன்' வேறு ஜாதி வாக்கியம். இளைக்கிறவன் வெறும் எழுவாய். எடையைக் குறைக்கிறவனுக்கோ தன் உடம்பே செயப்படுபொருள். ஒரே ஆள் செய்பவனாகவும் செய்யப்படுவதாகவும் பிளந்து நிற்கிறான். செயல் என்று ஆனவுடன் அதற்கு ஒரு புண்ணியமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. என் விசாரம் அந்தப் புண்ணியத்தைப் பற்றியது. இளைத்தவனுக்குத் தார்மீகமாக ஒரு மதிப்பெண் உண்டென்று ஒப்புக்கொண்டால், பருத்தவனிடம் தார்மீகமாக ஒரு குறை இருப்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. நாம் (வர்க்கத்தையும் ஜாதியையும் பற்றி நுட்பமாகப் பேசத் தெரிந்த நாம்தான்) பருத்த ஒருவரைப் பற்றி அவர் எழுந்து போனபின் அடிக்கிற ஹாஸ்யத்தில் இந்த ஒப்புதல் எப்போதோ நடந்து முடிந்திருக்கிறது.

இது எங்கே தொடங்கிற்று என்று தேதி குறிப்பது ஆபத்து. இருந்தாலும் 1863-ஐச் சொல்லலாம். லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் அந்த வருஷம் உடற்பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு ஒரு கடிதமாகச் சிறு பிரசுரம் வெளியிட்டார். அவர் வைத்தியர் அல்ல. சவ அடக்க ஏற்பாடுகள் செய்வது தொழில். அரச குடும்பத்து இறுதி ஊர்வலங்களையே நடத்திய குடும்பம். (சவப்பெட்டிக்கு அளவெடுத்த கையிலிருந்து இந்த இலக்கிய வகை பிறந்தது என்பதை நான் குறியீடாக்கப் போவதில்லை. வாசகர் இஷ்டம்.) வயது 66, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு. குனிந்து காலணிக்கு முடிச்சுப் போட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடியும். விடியற்காலையில் தேம்ஸில் படகு வலித்துப் பார்த்தார். கை வலுத்தது, கூடவே பசியும் வலுத்து எடை ஏறிற்று. குதிரைச் சவாரி, துருக்கிக் குளியல் எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் காது மந்தமாகி, வில்லியம் ஹார்வி என்ற காது வைத்தியரிடம் போனார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு கூடாது என்றார் அவர். இறைச்சிக்கும் மீனுக்கும் ஒயினுக்கும் தடையில்லை. ஒரு வருஷத்தில் 46 பவுண்டு போயிற்று.

இந்தப் பட்டியல் இன்றும் வேறு வேறு பெயர்களில் விற்கப்படுகிறது. அது எனக்கு முக்கியமில்லை. அந்தப் பிரசுரத்தில் எங்கேயும் மனோதிடம் பற்றிய பெருமிதம் இல்லை. பருமனை ஓர் ஒட்டுண்ணி என்கிறார். குணக்கேடு என்று சொல்வதில்லை. பொது வண்டிகளில் ஏறவும் கூட்டங்களுக்குப் போகவும் தயங்கியதை, பிறர் கேலி தன்னை எப்படித் தைத்தது என்பதை எழுதுகிறார். புகழை வைத்தியரிடம் விட்டுவிடுகிறார். முதல் பிரதிகளை இலவசமாகவே கொடுத்தார். பிறகு அவர் பெயரே ஒரு வினைச்சொல்லாயிற்று. ஸ்வீடிஷ் மொழியில் உணவைக் குறைத்து இளைப்பதற்கு இன்றும் 'பான்டா' என்றுதான் சொல்கிறார்கள். மனிதர் மறைந்து வினை மட்டும் மிஞ்சியபோது, ஒட்டுண்ணியும் கேலியும் வைத்தியரும் அதிலிருந்து உதிர்ந்துவிட்டிருந்தன.

அமெரிக்க வியாபாரி ஹொரேஸ் ஃப்ளெட்சர், பருமனால் ஆயுள் இன்ஷூரன்ஸ் மறுக்கப்பட்டவர், மெல்லுவதில் மோட்சத்தைக் கண்டார். வாயில் போட்டது திரவமாகித் தானே இறங்கும்வரை மெல்ல வேண்டும். இளைத்தார், ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். ப்ராஹா நகரத்தில் அந்த முறையைக் கைக்கொண்டவர்களில் ஒருவர் காஃப்கா. இளைப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. என்றாலும் ம்யூலர் என்ற டென்மார்க்காரரின் தேகப்பயிற்சியைத் திறந்த ஜன்னலருகே செய்துவந்தார், இரவில் பழங்களையும் கொட்டைகளையும் மென்றுகொண்டிருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவருடைய அப்பா மாதக்கணக்கில் சாப்பாட்டு வேளையில் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டார். வாய் தன்னுடையது என்றாலும் மேஜை குடும்பத்தினுடையது. நம் வீட்டில் பத்திரிகை இல்லை. பரிமாறுகிறவளின் முகம் இருக்கிறது. 'போதும்' என்று இலைக்கு மேல் நீளும் கை எதை மறுக்கிறது என்பது அவளுக்கும் அவனுக்கும் வேறு வேறாகவே அர்த்தப்படும். அவள் கணக்கு யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை. எல்லோரும் எழுந்தபின், வீணாய்ப் போகிறதே என்று சட்டியில் மிஞ்சியதைத் தின்கிறாள். அந்த வீட்டின் மிச்சம் முழுவதும் வருஷக்கணக்கில் ஒரு உடம்பில் போய்த் தங்குகிறது. பிறகு டாக்டர் அவளிடம் 'வாயைக் கட்டணும்மா' என்கிறார்.

1918-இல் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் (தானும் பருமனாக இருந்து இளைத்தவர்) கலோரி என்ற எண்ணைச் சமையலறைக்குள் கொண்டுவந்தார். ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதே, 100 கலோரி ரொட்டி என்று சொல். நாளொன்றுக்கு 1200. அது யுத்த காலம். உணவைப் பதுக்குவது தேசத் துரோகமாக இருந்தபோது, சதையாகச் சேர்த்துவைப்பதும் ஒரு பதுக்கல்தான் என்கிற தர்க்கம் சுலபமாக ஒட்டிக்கொண்டது. பான்டிங்கிடம் இல்லாத குற்றம் இங்கேதான் உள்ளே நுழைகிறது என்பது என் அபிப்பிராயம். எண்ணாக மாறிய உணவில் பொய் சொல்ல முடியும். பொய் சொல்ல முடிகிற இடத்தில் பாவம் உண்டு.

பாவம் இருந்தால் பாவமன்னிப்பும் வேண்டுமே. நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்ற குடும்பப்பெண் 1961-இல் நகரச் சுகாதாரத் துறையின் க்ளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். உணவுமுறையைப் பின்பற்றியபடியே, அழுக்குத்துணிக் கூடையில் பிஸ்கட்டை ஒளித்துவைத்துத் தின்றுகொண்டும் இருந்தார். க்ளினிக்கில் அதைச் சொல்ல முடியவில்லை. ஆறு சினேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அவர்களும் தங்களுடையதைச் சொன்னார்கள். 1963-இல் அது 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற கம்பெனி ஆயிற்று. வாரத்துக்கு ஒரு நாள் கூடி, தராசில் ஏறி, பேசி, கை தட்டிக் கலைவார்கள். இதைப் பரிகசிப்பது சுலபம். எனக்கு அந்த முதல் கூட்டத்தின்மேல் மரியாதை உண்டு. தன்னோடு தான் நடத்துகிற யுத்தம் என்று அதுவரை சொல்லப்பட்டதை, ஏழு பேர் பகிர்ந்துகொள்கிற ஒரு ரகசியமாக அந்தப் பெண்மணி மாற்றிவிட்டார்.

ஆனால் ஜெயிப்பது யார் என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. அதற்குத் துல்லியமான பதில் 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கிடைத்துவிட்டது. மனசாட்சி காரணமாக ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்கள், யுத்தத்தில் பட்டினி கிடக்கிறவர்களை எப்படி மீட்பது என்று அறியும் ஆராய்ச்சிக்காகத் தாங்களே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள். நடத்தியவர் ஆன்ஸெல் கீஸ். 24 வாரம் நாளொன்றுக்குச் சுமார் 1600 கலோரி, வாரம் 22 மைல் நடை. எடையில் கால்பங்கு போயிற்று. (பீட்டர்ஸ் விதித்த 1200 இதைவிடக் குறைவு.) திடசித்தம் என்று ஒன்று இருக்குமானால் அது இவர்களிடம் இருந்தது, ஒரு தேசமே கோழைகள் என்று ஏசியபோது அசையாதவர்கள். அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். தட்டை நக்கினார்கள். கனவில் தின்றார்கள். பிரேமையும் அரசியலும் மெல்ல உலர்ந்து சாப்பாடு மட்டும் மிஞ்சிற்று. பட்டினி முடிந்து வேண்டியமட்டும் தின்ற பிறகும் நிறைவு வரவில்லை என்றார்கள். இழந்த எடையைத் தாண்டிக் கொழுப்பு சேர்ந்தது. 2016-இல், தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்து ஆராய்ந்தபோது, அவர்களுடைய உடம்பு இருக்கவேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. உடம்பு மறப்பதில்லை. இளைத்ததை அது ஒரு சாதனையாக அல்ல, ஒரு பஞ்சமாகவே பதிவு செய்துவைத்திருக்கிறது. பெரியம்மாவின் இலக்கணம்தான் அதற்கும்.

தேகப்பயிற்சிக்காரர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். டான்ஸானியாவின் ஹாட்ஸா மக்கள் வேட்டைக்கும் கிழங்குக்கும் நாள்தோறும் அலைகிறவர்கள். அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தி, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேல்நாட்டாருடையதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை என்று 2012-இல் கண்டார்கள். பான்டிங் படகில் கற்றுக்கொண்டது இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நடப்பது இருதயத்துக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது. எடைக்காக நடக்கிறவன், முள் நகராத மாதத்தில் நடையை நிறுத்திவிடுகிறான். நஷ்டம் நடைக்கு.

இப்போது ஊசி வந்திருக்கிறது. குடல் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்யும் ஸெமக்ளூடைட் என்ற மருந்தை எடைக்காக அமெரிக்கா 2021-இல் அனுமதித்தது. 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. போட்டுக்கொள்கிறவர்கள் சொல்வது கவனிக்கத்தக்கது: தின்பதை அடக்குகிறேன் என்பதில்லை, தலைக்குள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த சாப்பாட்டுப் பேச்சு நின்றுவிட்டது என்கிறார்கள். நிறுத்தினால் பேச்சும் திரும்புகிறது, எடையில் பெரும்பகுதியும் திரும்புகிறது. ரகசியத்தைப் பகிர்வதற்காகப் பிறந்த வெயிட் வாட்சர்ஸே 2023-இல் இம்மாதிரி மருந்துகளை எழுதிக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றை வாங்கியது. 2025 மே மாதம் திவால் மனு போட்டது.

எனில், பிறப்பிலேயே இந்தப் பேச்சு மெதுவாக ஒலிக்கிற ஒருவன் 'நான் அளவாகச் சாப்பிடுகிறவன்' என்று சொல்லிக்கொள்வது என்ன? காஃப்காவின் 'பட்டினிக் கலைஞன்' (1922) சாகிற தறுவாயில் மேற்பார்வையாளனிடம் சொல்வது இதைத்தான்: என்னை மெச்சக் கூடாது, எனக்குப் பிடித்த உணவு எனக்குக் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் எல்லோரையும்போல வயிறு நிரம்பத் தின்றிருப்பேன். அவன் வாழ்நாள் முழுதும் வாங்கிய கைதட்டல் அந்த ஒரு வாக்கியத்தில் செல்லாக்காசாகிறது. தொண்டைக்குப் பரவிய க்ஷயத்தால் விழுங்க முடியாமல் படுத்திருந்த காஃப்கா, 1924-இல் அந்தக் கதையின் அச்சுப்படிகளைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். நம்மில் மெலிந்தவர்கள் ஒருவருக்கும் அந்தக் கலைஞனின் நேர்மை கிடையாது. நமக்குப் பசி குறைச்சல் என்பதைப் பண்பு என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

ஊசியைக் 'குறுக்குவழி' என்று ஏளனம் செய்கிறவர்கள் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. எடை குறைவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, கஷ்டப்படாமல் குறைவதில்தான். மூட்டுவலியும் சர்க்கரையும் உள்ளவள் கஷ்டப்பட்டே தீரவேண்டும் என்கிற நியாயம் எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? அதன் விலை அவளுக்கு எட்டாது என்பது வேறு விஷயம், நிஜமான விஷயம். அதைப் பற்றி ஏளனக்காரர்கள் வாய் திறப்பதில்லை. போட்டுக்கொண்டவர்களில் சிலரும் அதை வெளியே சொல்வதில்லை. விசாரித்தால் 'ராத்திரி சாதத்தை விட்டுட்டேன், காலையில நடக்கிறேன்' என்பதோடு சரி. பான்டிங்காக இருந்தால் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக்கொடுத்த டாக்டரையும் அச்சடித்து, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பியிருப்பார்.