எது தடுக்கிறது?

தலைவர் என்றால் யார் என்று கேட்டால், குணங்களை அடுக்குவதே நம் வழக்கம். துணிவு, பேச்சாற்றல், தொலைநோக்கு, எடுத்ததை முடிக்கும் உறுதி என்று பட்டியல் நீளும். மதுரையின் தெருமுனைகளில் நிற்கும் பிளெக்ஸ் போர்டுகளும் பட்டங்களும் இதே குணங்களைத்தான் பெரிய எழுத்தில் சொல்கின்றன. இந்தப் பட்டியலில் பொய் இல்லை. ஆனால் அது போதாது. இத்தனை குணங்களும் இருந்தும் எதையும் நடத்திக் காட்டாதவர்கள் ஏராளம். மேடையேறத் தயங்கியும், உடல் ஒத்துழைக்காமலும், எழுத்தறியாமலும் ஊரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒருவருடைய குணத்தைவிட அவர் எழுப்பும் கேள்வியில்தான் தலைமை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு காரியம் நடக்காதபோது ‘யார் காரணம்?’ என்று கேட்பது எளிது. அதற்கு அதிகாரம் மட்டும் போதும். ‘எது தடுக்கிறது?’ என்று கேட்டு, விடை கிடைக்கும்வரை தேடி, அந்தத் தடையை எடுத்துப் போடும்வரை ஓயாதவரே தலைவர். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரையும் அதைச் சுற்றிய சமவெளியுமே போதும்.

அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை பலருக்கும் தெரிந்தது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரம் பக்கத்தில் உள்ள வடமலாபுரத்தில் பிறந்தார். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது வந்த முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியது. அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் மருத்துவரானார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976-இல், 58 வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். இந்தக் கதையை மன உறுதியின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். உறுதி அவரிடம் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு மனிதரின் உறுதி எத்தனை கண்ணுக்குப் பார்வை தரும்? அவரே தம் வாழ்நாளில் ஒரு லட்சம் அறுவை சிகிச்சைகள் செய்ததாகச் சொல்வார்கள். அது மலைப்பூட்டும் எண். ஆனாலும் நாட்டில் கண்புரையால் பார்வை இழந்தவர்களின் தொகைக்கு முன் அது சிறியதே. எனவே ‘நான் இன்னும் எத்தனை செய்யலாம்?’ என்பதோடு அவர் நிற்கவில்லை. திறமையான ஒரு மருத்துவர் நாளெல்லாம் உழைத்தும் சில அறுவைகளே முடிகின்றன என்றால், அவருடைய நேரத்தை எது தின்கிறது என்று பார்த்தார்.

பார்த்தால், அறுவை சிகிச்சைக்கு ஆகும் நேரம் கொஞ்சம். காத்திருக்கும் நேரமே அதிகம். நோயாளியை அழைத்து வருவது, கண்ணைத் தூய்மை செய்வது, மரத்துப்போக ஊசி போடுவது, கருவிகளை அடுக்குவது, முடிந்ததும் கட்டுப் போட்டு அனுப்புவது என எல்லாம் மருத்துவரை நிறுத்தி வைத்தன. அரவிந்தின் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் இன்னொரு நோயாளி தயாராகிவிடுவார். முதல் கண் முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பி மருத்துவர் வேலையைத் தொடர்வார். தயார்ப்படுத்தும் வேலை முழுவதையும் செய்வது, கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்து இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற இளம்பெண்கள். அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவைகள் செய்கிறார். மற்ற இடங்களில் அது சில நூறுதான். மற்ற இடங்களின் மருத்துவர்களைவிட இவர்கள் ஐந்தாறு மடங்கு கெட்டிக்காரர்கள் என்பதல்ல காரணம். இவர்கள் வழியில் கிடந்தவற்றை ஒருவர் உட்கார்ந்து யோசித்து ஒதுக்கினார்.

அதே கேள்வியை நோயாளியின் பக்கம் நின்றும் கேட்டதுதான் இதைவிடப் பெரிய விஷயம். ஆரம்ப ஆண்டுகளில் முகாம் நடத்தி, இலவசமாகவே அறுவை என்று சொன்ன பிறகும் பலர் வரவில்லை. ‘ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நம்மூரில் பல நல்ல திட்டங்கள் அந்த ஒரு வாக்கியத்தில்தான் முடிந்துபோகின்றன. விசாரித்தபோது வேறு காரணங்கள் தெரிந்தன. மதுரைக்கு வரப் பஸ் காசு இல்லை. துணைக்கு ஒருவர் வந்தால் அவருடைய கூலியும் போகும். தங்கும் நாட்களில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கத்தி வைத்தால் இருக்கிற மங்கல் பார்வையும் போய்விடுமோ என்ற பயம் வேறு. உசிலம்பட்டிப் பக்கத்தில் கூலி வேலை செய்யும் ஒரு மூதாட்டிக்கு இலவசம் என்ற சொல் பாதி வழிதான் வரும். மீதி வழிக்கு ஒரு வண்டியும் ஒரு வேளைச் சோறும் தைரியம் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். அதனால் முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுவது சிகிச்சையின் பகுதியானது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து ஏழைக்கு எட்டாத விலையில் வந்தபோது, 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதை மதுரையிலேயே செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. தடை எங்கே இருந்ததோ அங்கே போனார்கள். அது மருத்துவத்துக்குள் அடங்குமா என்று பார்க்கவில்லை.

படித்த மருத்துவருக்கும் நிர்வாகம் அறிந்தவர்களுக்கும்தான் இது கைகூடும் என்று யாரும் எண்ண வேண்டாம். அழகர்கோயில் சாலைப் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை விவசாயக் கூலியாக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். கூட வேலை செய்யும் பெண்களுக்காக நிலக்காரர்களிடம் கூலி பேசுவதில்தான் அவருடைய தலைமை தொடங்கியது. எவ்வளவு உழைத்தும் குடும்பம் ஏன் மேலே வரவில்லை என்ற கேள்விக்கு அவரைப் போன்றவர்கள் கண்ட விடை, வட்டி. சம்பாதிப்பது அத்தனையும் கந்து வட்டிக்குப் போனால் உழைப்பு என்ன செய்யும்? களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்கள் அந்தத் தடையைக் குறிவைத்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொண்டார்கள். களஞ்சியம் ஊர் ஊராகப் பரவியதில் சின்னப்பிள்ளைக்குப் பெரும் பங்கு உண்டு. மத்திய அரசின் ஸ்த்ரீ சக்தி விருதை வழங்கிய மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. தொடங்கியபோது அவரிடம் பதவி இருக்கவில்லை, பட்டம் இருக்கவில்லை. பெண்களின் வழியை எது அடைத்திருக்கிறது என்பதை அந்த வழியில் நடந்தே தெரிந்துவைத்திருந்தார்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். தடையை எடுத்துவிட்டால் எல்லாரும் ஒழுங்காக வேலை செய்துவிடுவார்களா? சோம்பலும் ஏமாற்றும் மனித இயல்பில் இல்லையா? கண்டிப்பு வேண்டாமா? வேண்டும்தான். அரவிந்தில் நேரமும் தூய்மையும் கண்டிப்போடு பார்க்கப்படுகின்றன. களஞ்சியத்திலும் தவணை தவணைதான். ஆனால் கண்டிப்புக்கு ஒரு வரிசை உண்டு. செய்ய வழியில்லாதவரைக் கண்டிப்பது அநியாயம். அது பயத்தை வளர்க்கும், வேலையை வளர்க்காது. வழியைச் சரிசெய்து கொடுத்த பிறகும் ஒருவர் செய்யவில்லை என்றால், அப்போதுதான் அது அவருடைய குறை என்று நமக்கே தெரியும். எது தடுக்கிறது என்ற கேள்வியை முதலில் கேட்பவருக்கே கண்டிக்கும் உரிமையும் வருகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இதெல்லாம் நிர்வாகத் திறமைதானே? சரித்திரத்தைத் திருப்பிய தலைவர்களிடம் இருந்தது துணிச்சல் அல்லவா? மதுரையில் இதற்குச் சொல்லத்தக்க நாள் 1939 ஜூலை 8. அன்று வக்கீல் அ. வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அந்தத் துணிச்சலை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாளுக்கு முன்னும் பின்னும் நடந்ததையும் பார்க்க வேண்டும். முன்னால், ஆலயப் பிரவேசத்துக்கு ஆதரவு திரட்டிய பிரசாரமும் மாநாடும் நடந்தன. கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு இசைவாக இருந்தார். பின்னால், வழக்கத்தை மீறியதாக அவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கும் அபாயம் இருந்தது. அதைத் தடுக்க ராஜாஜியின் அரசு முதலில் அவசரச் சட்டமும் பிறகு அதே ஆண்டில் முழுச் சட்டமும் கொண்டுவந்தது. கோயிலைத் திறந்துவிட அனுமதி தருவதோடு, திறந்துவிட்டவர்களுக்குப் பாதுகாப்பும் தந்தது அந்தச் சட்டம். துணிச்சல் அன்றைக்குக் கதவைத் திறந்தது. கதவு மறுபடி மூடாமல் இருந்ததற்குக் காரணம், மற்றவர்களின் வழியில் இருந்த சட்ட அச்சத்தை அகற்றியதுதான். ஒருவர் மட்டுமே செய்யத் துணிவதை நாளை யாரும் செய்யலாம் என்று ஆக்கும்போதே துணிச்சல் தலைமையாகிறது.

தடை என்பது எப்போதும் பஸ் காசாகவோ லென்ஸ் விலையாகவோ இருப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். சில நேரம் மனிதர்களே தடையாக நிற்பார்கள். 1996-இல் தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட, மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தலித் ஒருவர் தலைவராக நிலைத்துப் பணியாற்ற முடியவில்லை. வேட்புமனுவே வராது, வந்து வென்றாலும் உடனே ராஜினாமா. மேலூர்ப் பக்கம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பதவி வந்தால் தலைமை தானாக வரும் என்ற நம்பிக்கையை இந்தப் பெயர்கள் உடைக்கின்றன. அரசியல் சட்டம் நாற்காலியைக் கொடுத்தது. அதில் உட்கார விடாதது எது என்று கேட்கப் பல ஆண்டுகள் ஆனது. 2006-இல் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசி, பாதுகாப்பும் தந்தபோது அந்த ஊராட்சிகளில் தேர்தல் நடந்து முடிந்தது. மனிதர்கள் தடையாக நிற்கும் இடத்தில் பேச்சு வேண்டும், சட்டம் வேண்டும், சில சமயம் போராட்டமும் வேண்டும். கருவி மாறினாலும் கேள்வி மாறுவதில்லை.

இன்னொன்றையும் சொல்வார்கள்: அரவிந்தை நடத்தியது ஒரு குடும்பம், தங்கை, மைத்துனர், தம்பி என்று சொந்தங்கள் தோள் கொடுத்தார்கள், அதை எல்லாருக்கும் பாடமாகச் சொல்லலாமா? நியாயமான கேள்வி. அந்தக் குடும்பத்தின் தியாகம் இல்லாமல் அந்தத் தொடக்கம் இல்லை. ஆனால் குடும்பத்தோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல குடும்பத்தின் பெருமையாகவே முடிந்திருக்கும். தாங்கள் கண்டுபிடித்த முறையைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே 1992-இல் ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். போட்டியாளர் என்று கருதத்தக்கவருக்கும் வழியைக் காட்டினார்கள். டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7-இல் மறைந்தார். அதன் பிறகும் மருத்துவமனை வளர்ந்தது. ஒருவருடைய திறமை அவரோடு போய்விடும். அவர் அகற்றிய தடை அகன்றதாகவே இருக்கும்.

இந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. யாருடைய வழியைத் திறக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கந்து வட்டி வசூலையும் தடையில்லாமல் நடத்த முடியும். அதைத் திறமை என்று சொல்லலாம், தலைமை என்று சொல்ல முடியாது. வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு எது தடுக்கிறது என்று கேட்கும்போதுதான் இந்தக் கேள்விக்கு அறம் கிடைக்கிறது. ஒரு பள்ளித் தலைமையாசிரியரும், கண்மாய்ச் சங்கத் தலைவரும், வார்டு கவுன்சிலரும், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையின் முதலாளியும் இதை நாளைக் காலையிலிருந்தே கேட்கலாம். அதற்கு வசீகரமும் தேவையில்லை, வரமும் தேவையில்லை. நாமும் ஒருவரைத் தலைவர் என்று ஏற்பதற்கு முன், அவர் பேச்சையும் பட்டத்தையும் எடைபோடுவதை விட்டுவிட்டு ஒன்றைக் கேட்டுப் பழக வேண்டும்: இவர் இதுவரை யாருடைய வழியிலிருந்து எந்தத் தடையை எடுத்திருக்கிறார்? அதற்கு ஊரில் நாலு பேர் பெயர் சொல்லிப் பதில் சொன்னால், அவரை நம்பிப் பின்னால் போகலாம்.