தரிப்பிடத்தில் ஒரு கிளித்தட்டு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் முன்பு முற்றம் வைத்த வீடுகள் இருந்தன. இன்று அந்தக் காணிகளில் மாடிக் குடியிருப்புகள். கடலோ மரைன் டிரைவுக்கும் தண்டவாளத்துக்கும் அப்பால்; சின்னப் பிள்ளைகளைத் தனியே விட முடியாது. மிஞ்சியிருப்பது கீழ்த்தளத்து வாகனத் தரிப்பிடம்தான். அங்கும் விளையாடத் தடை என்று பலர் எழுதி ஒட்டிவிடுகிறார்கள்.

அதனால் விளையாட்டும் வகுப்பாகிவிட்டது: நீச்சல், கராத்தே, சதுரங்கம். அவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே விதி சொல்பவரும் விசில் ஊதுபவரும் பெரியவர்கள்.

கார்கள் வெளியே போயிருந்த ஒரு மாலை, எங்கள் தரிப்பிடத்தில் பிள்ளைகள் சோக்கால் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடினார்கள். மறிப்பவர்கள் தங்கள் கோட்டை விட்டு விலக முடியாது. அவர்களில் கிளியாக இருப்பவர் மட்டும் நடுக்கோட்டிலும் சுற்றிலும் ஓடலாம். ஆகவே யார் கிளி என்பதிலேயே வழக்குத் தொடங்கியது. பிறகு,

“தொட்டிட்டன்!”

“இல்லை அண்ணா, சட்டையிலதான் பட்டது!”

விளையாடிய நேரத்தைவிட வாதாடிய நேரம் அதிகம். கடைசியில் பத்து வயதுக்காரி ஒருத்தி சொன்னாள்: “இந்த முறை விடுங்கோ. இனிமேல் சட்டையில பட்டாலும் அவுட்.” எல்லோரும் ஏற்றார்கள். நாலு வயதுத் தம்பி ஒருவன் எத்தனை தரம் தொடப்பட்டும் ஓடிக்கொண்டே இருந்தான். அவனுக்கு அவுட் இல்லை என்று யாரும் அறிவிக்கவில்லை. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே போளை அடிக்கும் சிறுவர்களிடம் விதிகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, நியாய உணர்வு வளரும் விதத்தை 1932இல் நூலாக எழுதினார். விதியை மாற்றவே முடியாது என்று நம்பும் சிறுபிள்ளை, சகபாடிகளோடு விளையாடி விளையாடி, எல்லோரும் உடன்பட்டால் மாற்றலாம் என்று கண்டுகொள்கிறது. வழக்கைப் பெரியவர் தீர்த்துவைத்தால் அந்தப் படிப்பு நின்றுபோகும்.

கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் இந்தப் படிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே கிரிக்கெட் வழக்குகள் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி நடக்கும். வகுப்பில் வராத மொழி அந்தச் சண்டையில் வந்துவிடுகிறது.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களும் எனக்குப் பிடிக்கும். யானைக்குக் கண் வைத்தல், தேசிக்காய்க் கரண்டி ஓட்டம், பணிஸ் தின்னுதல் என்று முழு ஒழுங்கையும் கூடும். ஆனால் சங்கீதக் கதிரையில் முதலில் வெளியேறும் பிள்ளை பெரும்பாலும் மிகச் சின்னது. விளையாட்டு அதிகம் வேண்டிய பிள்ளைதான் அதிக நேரம் சும்மா நிற்கிறது. கதிரைகளை மட்டும் குறையுங்கள், பிள்ளைகளைக் குறைக்காதீர்கள். கடைசிக் கதிரையில் எல்லோரும் எப்படி ஒட்டிக்கொள்வது என்று அவர்களே வழி பார்க்கட்டும். இந்தச் சின்ன மாற்றத்துக்கு ஒரு சதம்கூடச் செலவில்லை.

விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று சொல்லும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. குடியிருப்பு முகாமைக் குழுக்களிடம் நான் கேட்பது மிகச் சிறிது: மாலை ஐந்து மணி முதல் ஆறு வரை தரிப்பிடத்தின் ஒரு மூலையில் வாகனம் விடாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் யாரும் விசில் ஊத வேண்டாம்.