பாட்டு ஆண்டவருக்கு, செவி வழித்துணைக்கு



ஜவ்வாது மலையில் வாழும் நமக்குப் பயணம் பிழைப்போடு பிணைந்தது. சாமையோ தேனோ சீத்தாப்பழமோ, கீழே இறக்கினால்தான் காசு. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்கும் பேருந்தில், வளைவுக்கு வளைவு ஒருவர் தோளில் ஒருவர் சாய்கிறோம். நம்மில் பலர் மாதக்கணக்கில் காப்பித் தோட்ட வேலைக்கு வெளி மாநிலம் போகிறார்கள்.

இன்று வாசிக்கக் கேட்ட திருத்தூதர் பணிகள் நூல் எட்டாம் அதிகாரமும் ஒரு பயணக் கதைதான். எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வழியில், எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சர் தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாசித்துக்கொண்டு போகிறார். நற்செய்தி அறிவித்துவந்த பிலிப்பு ஓடிப்போய்த் தேரை நெருங்குகிறார். முதலில் என்ன செய்தார்? அமைச்சர் வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு, புரிகிறதா என்று ஒரே ஒரு கேள்வி. அவர் அழைத்த பின்பே தேரில் ஏறினார். அந்த மனிதர் எந்த வரியில் திகைத்து நின்றாரோ, அந்த வரியிலிருந்தே இயேசுவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

முதலில் கேட்க வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். குருவான புதிதில் ஒரு நாள், போளூரிலிருந்து மலையேறும் பேருந்தில் ஒரு தாயின் அருகே அமர்ந்தேன். ஆர்வத்தில் வழி நெடுக ஆண்டவரைப் பற்றிப் பேசினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். இறங்கும் நேரத்தில் சொன்னார்: “எம் பையன் காப்பித் தோட்டத்துக்குப் போனான் சாமி. ரெண்டு மாசமா ஒரு போனும் இல்ல.” பேருந்து நகர்ந்துவிட்டது. அவர் மடியில் அத்தனை பாரம் இருக்க, நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்று அன்றிரவு ஆண்டவர் முன் அழுதேன்.

2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ மடல், தெருவிலும் வேலையிடத்திலும் பயணத்திலும் நாம் பேசும் பேச்சையே மறையுரையாகக் காண்கிறது. அதன் முதல் படி, அடுத்தவர் தம் மகிழ்ச்சியையும் கவலையையும் சொல்ல இடம் கொடுப்பது. இறைவார்த்தை அதன் பிறகே வருகிறது.

அப்படியானால் வழியில் நாம் பாடும் பாட்டு எதற்கு? அதே திருத்தூதர் பணிகள் நூலில் வரும் பிலிப்பி நகர்ச் சிறையைப் பாருங்கள். அடிபட்ட உடல், தொழுமரத்தில் மாட்டிய கால்கள், நள்ளிரவு. பவுலும் சீலாவும் கடவுளுக்குப் புகழ் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிலம் நடுங்கிக் கதவுகள் திறந்தபோது, சிறைக்காவலர் உயிரை மாய்த்துக்கொள்ள வாளை உருவினார். பவுல் முதலில் அந்த உயிரைக் காத்தார். மீட்புக்கு வழி என்ன என்று பிறகு கேட்டவர் அந்தக் காவலரே. பாட்டு ஆண்டவரிடம் போனது. அன்பு அருகிலிருந்தவரிடம் போனது. கேள்வி தானாக வந்தது.

நம் மண்ணிலும் இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நற்செய்தியைக் குறவஞ்சியில் பாடினார். குறவஞ்சி என்றால் மலையிலிருந்து வரும் குறத்தி மலைவளம் பாடிக் குறி சொல்லும் நாடகம். மக்கள் எந்த மெட்டை நேசித்தார்கள் என்று கேட்டறிந்தவரால்தான் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாட முடிந்தது. நம் மலையடிவாரத் திருப்பத்தூரில், 1921-இல் மருத்துவர்கள் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதர் உடுத்தார்கள், நோயாளிகளைக் கவனித்தார்கள், தமிழ்க் கீர்த்தனைகளால் வழிபட்டார்கள். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். நோயாளியின் முனகலைப் பொறுமையாகக் கேட்டவர்களுக்கே அப்படி உறவுப் பெயர் கிடைக்கும்.

அன்பு மக்களே, நாளை பேருந்து ஏறும்போது மூன்று காரியங்களை மனத்தில் கொள்ளுங்கள். பாடத் தோன்றினால் மெதுவாக, ஆண்டவருக்காகப் பாடுங்கள். தூங்கும் குழந்தையை எழுப்பும் பாட்டு வேண்டாம். அருகில் இருப்பவரிடம் ஊரை, பிள்ளைகளை, உடம்பை விசாரியுங்கள். சொல்வதை முழுதும் கேளுங்கள். உங்கள் முகத்தில் உள்ள அமைதி எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டால், மென்மையோடும் மரியாதையோடும் இயேசுவின் பெயரைச் சொல்லுங்கள். அவர் கேட்காமல் இறங்கிப் போனாலும் வருந்தாதீர்கள். அவருடைய கவலையை அன்றிரவு உங்கள் வீட்டுச் செபத்தில் வையுங்கள்.

அந்தத் தாயை நான் பிறகு பார்க்கவேயில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பலியிலும் அவர் மகனுக்காக மன்றாடுகிறேன். இன்று நீங்களும் என்னோடு சேர்ந்து மன்றாடுங்கள்.

எம்மாவு வழியில் சீடரோடு நடந்து, முதலில் அவர்கள் துயரத்தைக் கேட்ட ஆண்டவரே, எங்கள் நாவுக்குப் பாட்டும் எங்கள் செவிக்குப் பொறுமையும் தாரும். ஆமென்.